அரச இலச்சினை தைத்த மேலங்கியைப் பற்றி உதவி வேண்டும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். லண்டனில் பழைய துணிகள் விற்கும் சந்தையொன்றில், மார்பில் பிரித்தானிய அரச இலச்சினை ஜரிகையால் தைக்கப்பட்ட சிவப்புக் கம்பளி மேலங்கி ஒன்றைச் சென்ற மாதம் வாங்கினேன். அதன் காலத்தை அறிய உங்கள் உதவியை நாடுகிறேன்.

கேடயத்தின் முதல், நான்காம் கட்டங்களில் இங்கிலாந்தின் மூன்று சிங்கங்களும், இரண்டாவதில் பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் ஸ்காட்லாந்துச் சிங்கமும், மூன்றாவதில் அயர்லாந்தின் யாழும் உள்ளன. பிரான்சைக் குறித்த அல்லி மலர்கள் 1801-இல் நீக்கப்பட்டன. பிரித்தானிய மன்னர்கள் ஆண்ட ஜெர்மானிய நாடான ஹனோவரைக் குறித்து நடுவில் இருந்த சிறு கேடயம் 1837-இல் விக்டோரியா அரியணை ஏறியபோது மறைந்தது. இவை இரண்டுமே இதில் இல்லாததால், உடை அதற்குப் பிற்பட்டது என்று கொள்கிறேன். யாழின் முன்தண்டு சிறகுள்ள பெண்ணுருவமாக இருக்கிறது. இரண்டாம் எலிசபெத்தின் காலத்தில்தான் அது எளிய கேலிக் (பழைய அயர்லாந்துப் பாணி) யாழாக மாறியது. எனவே அவருக்கு முந்தைய தையலாக இருக்கலாம் என்பது என் கணிப்பு.

என்னை மிகவும் ஈர்த்தது கேடயத்தின் வலப்பக்கத்தில் அதைத் தாங்கி நிற்கும் ஒற்றைக்கொம்புக் குதிரைதான். கழுத்து மகுடத்திலிருந்து தொங்கும் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாகத் தைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அங்கே ஜரிகை கறுத்து, ஓரிடத்தில் இழை பிரிந்து, உள்ளிருக்கும் மஞ்சள் பட்டுநூல் தெரிகிறது.

இத்தகைய உடையை அரண்மனைப் பணியாளர்கள் அணிந்தார்களா, அல்லது வேறு பதவியினரா? கறுத்த ஜரிகையைச் சேதமின்றித் தூய்மைப்படுத்தவும், பிரிந்த இழையை மீண்டும் படியவைத்துத் தைக்கவும் வழி அறிந்தவர்கள் தயவுசெய்து தெரிவிக்கவும். படங்களை இணைத்துள்ளேன்.