கீபோர்டு நின்றால் ஏன் பதற்றமாக இருக்கிறது?

கேள்வி: சவுண்ட்காரன், பொங்கோல், சிங்கப்பூர்

எங்கள் சபை ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் நாலாவது மாடியில் கூடுகிறது. ஆறு வருஷமாக நான்தான் அங்கே சவுண்ட் மிக்ஸர் பார்க்கிறேன். டிரம்ஸ், கைத்தட்டல், அந்நிய பாஷை ஜெபம் (ஆவியில் நிறைந்து, தெரியாத பாஷையில் ஜெபிப்பது) என்று இரண்டு மணி நேரம் போகும். எனக்கு அது பிடிக்கும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் சி.எஸ்.ஐ. கோயிலில் கீர்த்தனை பாடி வளர்ந்தவன்; கையை உயர்த்திப் பாடியது இங்கே வந்துதான்.

சிக்கல் வீட்டில். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து அமைதியாக உட்கார்ந்தால் மூன்று நிமிஷம் தாங்குவதில்லை. மேல் மாடியில் கோலிக்குண்டு உருளும் சத்தம் (வீவக, அதாவது அரசு அடுக்குமாடி, வீட்டுக்காரர்களுக்குத் தெரியும்). அது இல்லாத அன்று தலைக்குள் போன ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு. உடனே போனில் ஏதாவது பாட்டைப் போட்டுவிடுகிறேன். சத்தம் இல்லாவிட்டால் எனக்கு ஜெபமே வராதா?

பதில்: ரோச்சோர் அக்கா

தம்பி, நான் கத்தோலிக்கம். ஓஃபிர் ரோட்டு லூர்து மாதா கோயில், 1888-இல் கட்டியது. வேலை முடிந்து அங்கே போய் உட்காருவேன். வெளியே பஸ் சத்தம் ஓயாது. முதல் பத்து நிமிஷம் ராத்திரிக்கு என்ன சமைப்பது என்றுதான் ஓடும். ஜெபமாலையை உருட்டுவேன், விரலுக்கு வேலை கொடுத்தால் மனசு கொஞ்சம் அடங்குகிறது. மூன்று நிமிஷமா, இருக்கட்டும். போனை மட்டும் அடுத்த அறையில் வை.

பதில்: ஜூரோங் வாசி

யாராவது பைபிளில் எலியாவிடம் கர்த்தர் பேசும் 1 இராஜாக்கள் 19-ஐ எடுத்துப் போடுமுன் நானே சொல்லிவிடுகிறேன். காற்றிலும் பூமியதிர்ச்சியிலும் அக்கினியிலும் கர்த்தர் இல்லை, பிறகு மெல்லிய சத்தம். சரி. ஆனால் முந்தின அதிகாரத்தில் கர்மேலில் அக்கினி இறங்கியதே? சங்கீதம் 150 பேரோசையுள்ள கைத்தாளம் கேட்கிறது. வெளிப்படுத்தல் 8-இல் பரலோகமே ஏறக்குறைய அரைமணி நேரம் அடங்கிப்போகிறது. பெந்தெகொஸ்தே நாளில் பல பாஷைகளில் பேசிய சீடர்களைக் குடித்திருக்கிறார்கள் என்றார்கள். உதடு மட்டும் அசைய வேண்டிக்கொண்ட அன்னாளையும் ஆசாரியர் ஏலி அப்படித்தான் நினைத்தார். எப்படி ஜெபித்தாலும் அந்தப் பேர் தப்பாது போல!

அது இருக்கட்டும். பாஸ்டர் ஜெபிக்கும்போதும் உங்கள் சபையில் கீபோர்டு அடியில் ஓடிக்கொண்டே இருக்குமா?

பதில்: சவுண்ட்காரன்

ஓடும். கொஞ்சம் குறைத்தாலே பாஸ்டர் என் பக்கம் திரும்புவார். வீட்டில் நான் செய்வதும் அதேதான், இப்போதுதான் உறைக்கிறது.

பதில்: சவுண்ட்காரன் (இரண்டு வாரம் கழித்து)

பாஸ்டரிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, திருவிருந்துக்கு முன் இரண்டு நிமிஷம் தந்தார். மேடைக்காரர்கள் கேட்கும் மானிட்டர் ஸ்பீக்கர் உட்பட எல்லாவற்றின் ஃபேடரையும் (சத்தத்தை ஏற்றி இறக்கும் மிக்ஸர் பித்தான்) இறக்கினேன். ஒரு குழந்தை சிணுங்கியது. யாரோ இருமினார்கள். எங்கள் ஏர்கான் இவ்வளவு இரைச்சல் போடும் என்று ஆறு வருஷத்தில் எனக்குத் தெரியாது.

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, கீபோர்டு வாசிக்கும் பையன் தாங்க முடியாமல் ஆரம்பித்துவிட்டான். கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறான், விரல் அசைகிறது, சத்தம் வரவில்லை. நான் ஃபேடரை ஏற்றவில்லை.