நரம்பு நோய் உள்ளவர்களுக்கு இடுப்பு மூட்டு மாற்று: நாங்கள் கண்டவை

தக்கலையிலிருந்து ஒரு மகன்

என் அப்பாவுக்கு வயது எழுபத்து நான்கு. பார்க்கின்சன் நோய் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆனி மாதத்தில், மழையில் பாசி பிடித்திருந்த முற்றத்தில் வழுக்கி விழுந்ததில், வலது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்து விலகிவிட்டது. “மூட்டை மாற்றுவது எங்கள் வேலை, அது ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும், அதற்குப் பிறகுதான் உங்கள் பாடு” என்று எலும்பு மருத்துவர் சொன்னதன் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை.

இந்த நோயில் இடுப்பும் முழங்காலும் சற்று மடங்கியே இருக்கும், தசைகள் விறைத்திருக்கும், மறுபடி விழவும் கூடும்; ஆகையால் பொருத்திய செயற்கை மூட்டின் பந்து அதன் கிண்ணத்தை விட்டு நழுவும் அபாயம் மற்றவர்களைவிட அதிகம் என்று அவர் விளக்கினார். அதற்காகவே, சிறிய பந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் பந்துக்குள்ளும், அந்தப் பிளாஸ்டிக் பந்து உலோகக் கிண்ணத்துக்குள்ளும் சுழலும் இரட்டை அசைவு மூட்டைத் தேர்ந்தெடுத்தார். 1970களில் பிரான்சில் கில் பூஸ்கே என்ற மருத்துவர் உருவாக்கிய முறை அது.

அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. நாங்கள் இடறியது மாத்திரையில். வீட்டில் காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6 என்று நேரம் தவறாமல் கொடுத்துவந்த லெவோடோபா என்ற பார்க்கின்சன் மாத்திரையை, வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்று சொல்லி அன்று காலையில் நிறுத்திவிட்டார்கள். பிறகு வார்டில் எல்லோருக்கும் மாத்திரை வரும் நேரத்துக்குத்தான் அப்பாவுக்கும் வந்தது. லெவோடோபாவின் அளவு இரத்தத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்திலேயே பாதியாகக் குறைந்துவிடும் என்பதை நான் பிறகுதான் அறிந்தேன். மாலைக்குள் அப்பா மரக்கட்டைபோல் விறைத்து, எச்சில் விழுங்கவும் முடியாமல் கிடந்தார். போதாக்குறைக்கு, குமட்டலுக்கு மெட்டோகுளோபிரமைடு ஊசி போட்டார்கள். உடல் அசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற பொருளின் வேலையை மூளையில் தடுக்கும் அந்த மருந்து இந்த நோயாளிகளுக்கு ஆகாது. திருவனந்தபுரத்தில் அப்பாவை வழக்கமாகப் பார்க்கும் நரம்பியல் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்த பிறகே டோம்பெரிடோன் என்ற வேறு குமட்டல் மருந்துக்கு மாற்றினார்கள். அறுவை சிகிச்சை நாளிலும் ஒரு வாய்த் தண்ணீரோடு மாத்திரையைக் கொடுக்கலாம் என்பதையும், விழுங்க முடியாவிட்டால் மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்க வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார். எங்களிடம் எழுதிய நேர அட்டவணை ஒன்று இருந்து, அதை மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே கொடுத்திருந்தால் அந்த இரண்டு நாள் துன்பம் வந்திராது. அந்தத் தவறில் எனக்கும் பங்குண்டு.

நடைப்பயிற்சியை மாத்திரை விழுங்கி முக்கால் மணி நேரம் கழித்து வைத்தபோதுதான் கால் அசைந்தது. மாத்திரையின் வேகம் அடங்கிய நேரத்தில் இயன்முறை மருத்துவர் வந்தால் இருவருக்கும் வியர்வைதான் மிச்சம். புரதம் அந்த மருந்து உடலில் சேர்வதைத் தடுக்கும் என்பதால், மதிய மீன்குழம்புக்கு அரை மணி நேரம் முன்பே மாத்திரை கொடுக்கிறோம். மீனை விட்டுவிடச் சொன்னால் அப்பா மாத்திரையை விட்டுவிடுவார்.

குளச்சலிலிருந்து ஒரு சகோதரி

அண்ணா, என் நிலை வேறு. சிறு வயதில் போலியோவால் வலது கால் சூம்பிப்போனது. ஐம்பது ஆண்டுகளாக உடலின் பாரத்தையெல்லாம் சுமந்த இடது இடுப்பு தேய்ந்ததால், நல்ல காலில்தான் மூட்டு மாற்றினார்கள். அந்தப் பக்கத்துத் தசைகள் வலுவாக இருந்தமையால் வழக்கமான மூட்டே போதும் என்றார்கள். போலியோ பாதித்த பக்கமாக இருந்திருந்தால், இடுப்பைத் தாங்கும் பிட்டத் தசை வலுவிழந்து, குழியும் ஆழமில்லாமல் இருப்பதால், நழுவாத தனி அமைப்பை யோசித்திருப்பார்களாம்.

ஆனால் நல்ல கால் கட்டிலில் கிடக்கும்போது ஊன்றி எழ எனக்கு வேறு கால் ஏது? இதை யாரும் முன்கூட்டி எண்ணிப் பார்க்கவில்லை. முன்பே கைகளுக்குப் பயிற்சி எடுத்திருந்தால் வாக்கரைப் பிடிக்க எளிதாக இருந்திருக்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் வலது காலைத் தாங்கும் காலிப்பர் என்ற கருவியின் செருப்பில் ஒன்றரை அங்குல உயரம் வைத்திருக்கிறேன். இடது காலின் நீளம் சிறிது மாறினாலும் அந்தக் கணக்கு முழுவதும் குலைந்துவிடும் என்பதால், அளவெடுக்கும் நாளில் செருப்பையும் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டினேன். அவர் அதை வாங்கிவைத்து அளந்துகொண்டார்.

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு மனைவி

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து மூன்றாம் ஆண்டில், செயலிழந்த பக்கத்து இடுப்பே முறிந்தது. அசைவில்லாத பக்கத்தில் எலும்பு மெலிந்துவிடும், விழும்போதும் பெரும்பாலும் அந்தப் பக்கமாகவே சாய்வார்கள் என்று மருத்துவர் சொன்னார். தொடைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் அளவுக்கு இறுக்கம் இருந்ததால், மூட்டை மாற்றும்போதே உள்தொடையின் தசைநாண் ஒன்றையும் வெட்டித் தளர்த்தினார்கள். இரவில் கால்களுக்கு இடையே தலையணை வைப்பதை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. தக்கலை அண்ணனிடம் ஒரு கேள்வி: ஆலயத்தில் அப்பாவை எப்படி உட்கார வைக்கிறீர்கள்?

தக்கலையிலிருந்து மகன்

முழங்காலிடுவதையும் பாயில் அமர்வதையும் நிறுத்தியாயிற்று. இடுப்பு தொண்ணூறு பாகைக்கு மேல் மடங்கக் கூடாது என்பதால், கைப்பிடியுள்ள உயரமான நாற்காலி ஒன்றைப் பங்குத்தந்தையின் அனுமதியோடு பின்வரிசையில் போட்டிருக்கிறோம். ஞாயிறு காலை 6 மணி மாத்திரை முடிந்ததும் கிளம்பினால், திருப்பலி முடியும்வரை கால் ஒத்துழைக்கிறது.