புதுப்பிப்பு: அம்மாவின் கனடா விசா

டொரண்டோவில் இருக்கும் தங்கச்சியோடு அம்மா நிரந்தரமாகத் தங்க வழி உண்டா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு) என்றால், பெற்றோரை அழைத்துக்கொள்ள கனடா அரசு நடத்தும் குலுக்கலில் தங்கச்சி பெயர் வரவேண்டும், வரவில்லை. சரி என்று, பெற்றோர் நீண்ட நாள் வந்து தங்குவதற்கான சூப்பர் விசாவுக்கே போனோம். ஒருமுறை போனால் 5 வருடம் வரை இருக்கலாம். ஆனால் குறைந்தது 1 லட்சம் கனடா டாலருக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். அம்மாவுக்குச் சர்க்கரை வேறு. பிரீமியத்தைக் கேட்டதும் தங்கச்சி போனில் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

எங்களை இழுத்தடித்தது வேறு விஷயம். தங்கச்சியின் பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயரோடு 'அம்மாள்' இருக்கிறது, பாஸ்போர்ட்டில் இல்லை! மதுரை கோர்ட் வாசலில் நோட்டரி பிடித்து, இரண்டு பெயரும் ஒருவரே என்று அஃபிடவிட் (உறுதிமொழிப் பத்திரம்) வாங்கினோம். அப்புறம் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி சென்னையில் விசாவுக்கான மெடிக்கல் செக்கப். நேற்று விண்ணப்பம் போட்டாச்சு. புளிக்காய்ச்சல் எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்று அம்மா இப்போதே கேட்கிறார்.