வீட்டை விற்றுவிட்டு அதே வீட்டில் வாடகைக்கு இருப்பது: தவணை கட்ட முடியாதபோது எடுபடுமா?

படிக்கட்டு (கேள்வி)

கணக்குக்கு வசதியாக வீட்டின் இன்றைய சந்தை மதிப்பை 100 என்று வைத்துக்கொள்வோம். கடன் பாக்கி 58. வட்டி 9 சதவீதம், இன்னும் 12 ஆண்டு இருக்கிறது, மாதத் தவணை 0.66. நான்கு தவணை நிலுவை. அதற்கான வட்டி, அபராதம், நோட்டீஸ் செலவு எல்லாம் சேர்ந்து 2. ஆக, இன்றைக்குக் கடனை முடிக்க 60 வேண்டும். வருமானம் குறைந்துவிட்டதால் மாதம் 0.55க்கு மேல் கட்ட முடியாது.

ஒரு முதலீட்டு நிறுவனம் 75க்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறது. குடும்பம் அதே வீட்டில் மாதம் 0.50 வாடகைக்குத் தொடரலாம். வாடகை ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறும். ஒப்பந்தம் ஓராண்டுக்குத்தான், அதன் பிறகு புதுப்பிப்பார்களாம். மூன்று ஆண்டுக்குள் 90 கொடுத்தால் வீட்டைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். மூன்று மாத வாடகை முன்பணம், நிறுவனக் கட்டணம் 2, பத்திரச் செலவில் விற்பவர் பங்கு 1.

தவணை 0.66, வாடகை 0.50. மேலோட்டமாகப் பார்த்தால் லாபம். எங்கே இடிக்கும்?

கணக்குப்புலி

ஒப்பீட்டிலேயே இடிக்கிறது. வாடகையை இன்றைய தவணையோடு ஒப்பிடாதீர்கள், திருத்தி அமைத்த தவணையோடு ஒப்பிடுங்கள்.

நிலுவை 2-ஐ அசலோடு சேர்த்து 60 ஆக்கி, தவணைக் காலத்தை 12 ஆண்டிலிருந்து 20 ஆண்டாக நீட்டினால், அதே 9 சதவீதத்தில் மாதம் 0.54 வரும். நீங்கள் சொன்ன 0.55-க்குள் அடங்கிவிட்டது. கொஞ்ச காலம் வட்டி மட்டும் கட்ட வங்கி சம்மதித்தால் 0.45தான், அது வாடகையை விடவே குறைவு. காலத்தை நீட்டினால் மொத்த வட்டி கூடும், உண்மைதான். ஆனால் வீடு உங்கள் பெயரில் இருக்கும். நிலைமை சீரானதும் கூடுதலாகக் கட்டி காலத்தைக் குறைத்துக்கொள்ளலாம். மாதம் 0.04 மிச்சப்படுத்த 25 மதிப்பை விட்டுக்கொடுப்பதைத்தான் அந்த நிறுவனம் உங்களிடம் கேட்கிறது.

அந்த 0.04 மிச்சமும் நிலைக்காது. 5 சதவீத ஏற்றத்தில் இரண்டாம் ஆண்டு வாடகை 0.525, மூன்றாம் ஆண்டு 0.551. அதாவது மூன்றாம் ஆண்டிலேயே உங்கள் உச்ச வரம்பைத் தொட்டுவிடும். ஏழாம் ஆண்டில் 0.67, இன்று கட்ட முடியாத தவணையையே தாண்டிவிடும்.

கைக்கு வருவது: 75-இல் கடனுக்கு 60, முன்பணம் 1.5, கட்டணம் 2, செலவு 1 போக 10.5. அதே வீட்டைச் சாதாரணமாகச் சந்தையில் 95-க்கு விற்று, தரகும் மற்ற செலவும் 2.5 போனாலும் கையில் 32.5 நிற்கும். இடைவெளி 22. மாதம் 0.50 வாடகை என்றால் 44 மாத வாடகை அது.

திருப்பி வாங்கும் உரிமையை அவர்கள் பெரிதாகப் பேசுவார்கள். 75 வாங்கி, மூன்று ஆண்டு வாடகை கட்டி, கடைசியில் 90 கொடுப்பது என்பது ஆண்டுக்கு 14 சதவீதத்துக்கு மேல் வட்டிக்குக் கடன் வாங்குவதற்குச் சமம். அந்த 90-ஐத் திரட்ட எப்படியும் புதுக் கடன் வேண்டும். கையில் உள்ள 10-ஐத் தொடாமல் வைத்திருந்து 80 கடன் வாங்கினாலும், 20 ஆண்டுக்கு மாதத் தவணை 0.72. தவணை தவறியதால் கடன் மதிப்பெண்ணும் அடிவாங்கியிருக்கும், அதனால் 9 சதவீதமே கிடைக்குமா என்பது வேறு. 0.66 கட்ட முடியாதவர் 0.72 கட்டுவார் என்று அந்த நிறுவனமும் எதிர்பார்க்கவில்லை.

வில்லங்கம்பார்

மேலே உள்ள கணக்கோடு உடன்படுகிறேன். பத்திரப் பக்கத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் விலை நியாயமாக இருந்தாலும் இதில் வீடு பறிபோகும்.

விற்ற நாளிலிருந்து நீங்கள் உரிமையாளர் இல்லை, வெறும் வாடகைதாரர். கடன் தவறிய உரிமையாளரை வெளியேற்ற வங்கி நோட்டீஸ், அவகாசம், ஏலம் என்று பல படிகளைத் தாண்ட வேண்டும். ஏலத்தில் கடனுக்கு மேல் கிடைத்த தொகை உரிமையாளருக்கே திரும்பும். வாடகை தவறியவரை வெளியேற்றுவது பொதுவாக அதைவிட வேகமாக நடக்கும், அவருக்கு மிச்சம் என்று எதுவும் வராது. ஓராண்டு ஒப்பந்தம் என்றால் வாடகை தவறக்கூட வேண்டாம். 12 மாதம் முடிந்ததும் புதுப்பிக்கவில்லை என்று சொல்லிவிட்டால் போதும். "தொடர்ந்து புதுப்பிப்போம்" என்பது வாய்ப்பேச்சு.

அடுத்த ஆபத்து வாங்குபவர் வாங்கும் கடன். அவர் உங்கள் வீட்டை அடமானம் வைத்துத்தான் உங்களுக்குப் பணம் கொடுப்பார் என்றால், அவருடைய வங்கிக்கு உங்கள் வாடகை உரிமை தெரியவே தெரியாமல் போகலாம். பிரிட்டனில் இப்படித்தான் ஆனது. விரும்பும் வரை அதே வீட்டில் இருக்கலாம் என்ற வாக்கை நம்பிப் பலர் விற்றார்கள். வாங்கியவர்கள் சாதாரணக் கொள்முதல் போலக் காட்டிக் கடன் எடுத்தார்கள், பிறகு கட்டவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், கிரயம் முடிவதற்கு முன் விற்பவருக்குக் கொடுத்த வாக்கு வங்கியின் அடமானத்தைக் கட்டுப்படுத்தாது என்று 2014-இல் தீர்ப்பானது. அந்த நாட்டு நிதிச் சேவைகள் ஆணையம் 2009-இலேயே இந்தத் தொழிலைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்திருந்தது. 2012-இல் அது ஆய்வு செய்தபோது, பெரும்பாலான ஒப்பந்தங்கள் கட்டுப்படியாகாதவை அல்லது பொருந்தாதவை என்று கண்டது, சந்தையே நின்றுபோனது. அங்கே விதித்த நிபந்தனைகளை எந்த ஊரிலும் அளவுகோலாக வைக்கலாம்: சுயேச்சையான மதிப்பீடு, கையெழுத்துக்கு முன் 14 நாள் யோசிக்கும் அவகாசம், குறைந்தது ஐந்தாண்டு உறுதியான வாடகைக் காலம்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, முழுப் பணமும் சொந்தப் பணமா என்பது. கடன் என்றால், இந்த வாடகை ஒப்பந்தம் தங்களையும் கட்டுப்படுத்தும் என்று அவருடைய வங்கி எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கடிதம் வராமல் கிரயத்துக்குப் போகாதீர்கள். வாடகை ஒப்பந்தமும் கிரயப் பத்திரமும் ஒரே நாளில், பதிவு அலுவலகத்தில் பதிவாக வேண்டும். சாதாரணத் தாளில் எழுதி "அப்புறம் பதிந்துகொள்ளலாம்" என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

திருப்பி வாங்கும் உரிமை எந்தத் தாளில் இருக்கிறது என்பதும் முக்கியம். இந்தியாவின் 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டப்படி, அந்த நிபந்தனை கிரயப் பத்திரத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தால்தான் பரிவர்த்தனையை நிபந்தனைக் கிரய அடமானம் (பேருக்கு விற்பனை, உண்மையில் வீட்டை ஈடாக வைத்து வாங்கிய கடன்) என்று வாதாட இடமுண்டு. தனித் தாளில் எழுதினால் அந்த வாதமே கிடையாது. தனித் தாளில் எழுத வாங்குபவர் ஏன் துடிக்கிறார் என்பது இப்போது புரியும். வேறு சில நாடுகளில் நீதிமன்றங்கள் பத்திரத்தின் தலைப்பைப் பார்ப்பதில்லை. விலை மிகக் குறைவு, விற்றவர் வீட்டை விட்டு நகரவில்லை, திருப்பி வாங்கும் உரிமை உண்டு, விற்றவர் கடன் நெருக்கடியில் இருந்தார் என்ற நான்கும் சேர்ந்தால் அதை மறைமுக அடமானமாகவே பார்ப்பதுண்டு.

படிக்கட்டு

இரண்டு பேருக்கும் நன்றி. வரைவு ஒப்பந்தம் வந்திருக்கிறது. மூன்று விஷயங்கள் உறுத்துகின்றன. பழைய கடன் ஆறு மாதம் விற்பவர் பெயரிலேயே தொடரும், அதுவரை தவணையை அவர்கள் கட்டுவார்கள். பதிவு வேலைகளுக்காகப் பொது அதிகாரப் பத்திரம் (விற்பவர் சார்பில் அவர்களே கையெழுத்திடும் அதிகாரம்) கேட்கிறார்கள். வாடகை ஐந்து நாள் தாமதமானால் திருப்பி வாங்கும் உரிமை ரத்து. வழக்கறிஞரையும் அவர்களே ஏற்பாடு செய்கிறார்களாம், கட்டணம் கிடையாதாம்.

வில்லங்கம்பார்

நான்காவதும் சேர்த்து எண்ணுங்கள். அவர்கள் கொடுக்கும் இலவச வழக்கறிஞர் அவர்களுடைய வழக்கறிஞர்.

முதல் விஷயம் ஒன்றே போதும், விலகிவிடலாம். வீடு அவர்கள் பெயருக்குப் போய், கடன் உங்கள் பெயரில் நின்றால், அவர்கள் ஒரு தவணை கட்டாமல் விட்டாலும் வங்கி உங்களைத்தான் துரத்தும். கடன் ஒப்பந்தங்களில் சொத்தைக் கைமாற்றினால் முழுக் கடனையும் உடனே கட்ட வேண்டும் என்ற விதி பொதுவாக இருக்கும். அதுவும் உங்கள் தலையில் விழும். அடமானம் நீங்காமல் சுத்தமான கிரயம் செய்யவும் முடியாது.

பணம் போக வேண்டிய வரிசை இதுதான். வங்கியிடம் கடன் முடிப்புக் கணக்கு வாங்குங்கள். அதில் எந்தத் தேதி வரை செல்லும், தேதி தாண்டினால் ஒரு நாளுக்கு எவ்வளவு வட்டி கூடும், முன்கூட்டி முடிக்கும் கட்டணம் உண்டா என்பது இருக்க வேண்டும். வாங்குபவர் 60-ஐ நேரடியாக உங்கள் கடன் கணக்கில் கட்டட்டும், உங்கள் கையிலும் வேண்டாம், அவர் கையிலும் வேண்டாம். வங்கி அசல் பத்திரங்களைத் திருப்பித் தந்து அடமானத்தை ரத்துசெய்து பதிய வேண்டும். மீதித் தொகை கிரயத்தன்றே வர வேண்டும். பின்தேதியிட்ட காசோலை வேண்டாம். இரண்டாம் கடன், வீட்டு வரி பாக்கி, குடியிருப்புச் சங்கப் பாக்கி இருந்தால் அவற்றையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். கடைசி நேரத்தில் அதைக் காரணம் காட்டி விலையைக் குறைப்பது இந்தத் தொழிலில் வழக்கமான வேலை.

பொது அதிகாரப் பத்திரம் கொடுக்கவே வேண்டாம். ஐந்து நாள் விதியை, எழுத்து நோட்டீஸ் கொடுத்து 30 நாள் அவகாசத்துக்குப் பிறகே ரத்து என்று மாற்றச் சொல்லுங்கள். மறுத்தால், அந்த உரிமையைப் பறிக்கத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் மாடி

ஒரு மாற்றுக் கருத்து. விற்று வாடகைக்கு இருப்பது எல்லாருக்கும் பொறி என்று சொல்வது சரியல்ல. வருமானம் நிரந்தரமாகக் குறைந்து, வங்கி திருத்தி அமைக்க மறுத்து, பிள்ளைகளின் படிப்புக்காகவோ வீட்டில் நோயாளி இருப்பதாலோ இரண்டு மூன்று ஆண்டு அதே வீட்டில் இருந்தாக வேண்டும் என்றால் அது பொருந்தலாம். ஆனால் அதற்கு நிறுவனம் எதற்கு? "வாடகைதாரரோடு விற்பனைக்கு" என்று நீங்களே சந்தையில் அறிவியுங்கள். முதல் மாதத்திலிருந்தே வாடகை வரும் வீட்டைத் தேடும் முதலீட்டாளர்கள் இருக்கிறார்கள். வாடகைதாரர் இருப்பதால் கொஞ்சம் குறைத்துக் கேட்பார்கள். 90-க்குக் கீழே இறங்கினால் யோசியுங்கள், 75 பேச்சுக்கே இடமில்லை.

வேறு வீடு பார்க்க அவகாசம்தான் தேவை என்றால், சாதாரணமாக முழு விலைக்கு விற்று, கிரயத்துக்குப் பின் 60 அல்லது 90 நாள் அங்கேயே தங்கும் நிபந்தனையை விற்பனை ஒப்பந்தத்தில் சேர்க்கலாம். தங்கும் நாட்களுக்கு வாடகை, காலி செய்யும் தேதி, தாமதமானால் நாளொன்றுக்கு எவ்வளவு, பிடித்து வைக்கும் தொகை எவ்வளவு, இவ்வளவுதான் எழுத வேண்டியது.

நீண்ட கால வாடகை என்றால் ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை: காலம் முடியும் முன் வெளியேறும் உரிமை வாடகைதாரருக்கு மட்டும். வாடகை ஏற்றத்துக்கு உச்ச வரம்பு. கூரை, சுவர், குழாய், மின்கம்பி போன்ற பெரிய பழுது உரிமையாளர் செலவு. விற்று வாடகைக்கு விடும் நிறுவனங்கள் இதை வாடகைதாரர் தலையில் கட்டுவது சகஜம், பழைய வீட்டில் ஒரு கூரைப் பழுது ஓராண்டு வாடகை மிச்சத்தை விழுங்கிவிடும். உரிமையாளர் வீட்டை வேறொருவருக்கு விற்றாலும் ஒப்பந்தம் புதியவரைக் கட்டுப்படுத்த வேண்டும். பழைய வீட்டுக் காப்பீடு உங்கள் பெயரில் இனி செல்லாது. கட்டடக் காப்பீடு அவர் எடுக்க வேண்டும், உள்ளே இருக்கும் பொருட்களுக்கு நீங்கள் தனியாக எடுக்க வேண்டும்.

வரியையும் பாருங்கள். விற்பனை லாபத்துக்கு வரி உண்டா, சொந்தக் குடியிருப்பு என்று விலக்கு உண்டா என்பது நாட்டுக்கு நாடு மாறும். அரசு உதவித்தொகை பெறுபவர் என்றால், கையில் மொத்தமாகப் பணம் வந்ததும் அது நிற்கலாம். தான் விற்ற வீட்டுக்கே வாடகை உதவி கேட்டால் மறுக்கும் விதிகளும் சில இடங்களில் உண்டு. கையெழுத்துக்கு முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

கணக்குப்புலி

வங்கிக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். "கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்" என்றால் தலையாட்டி அனுப்பிவிடுவார்கள். ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: இப்போதைய வருமானம், கட்டாயச் செலவு, மாதம் கட்டக்கூடிய தொகை 0.55, கோரிக்கை (நிலுவையை அசலில் சேர்த்து 20 ஆண்டாக நீட்டுவது, முடியாவிட்டால் 6 மாதம் வட்டி மட்டும்). ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை, வருமானம் குறைந்ததற்கான கடிதம் இரண்டையும் இணைத்து, நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். கடன் வாங்கியவரின் வயதைப் பார்த்து 20 ஆண்டு தர மறுக்கலாம். அப்போது 15 ஆண்டு கேட்டால் தவணை 0.61, உங்கள் வரம்பைத் தாண்டுகிறது. இணைக் கடனாளியாக வயது குறைந்த, வருமானம் உள்ள ஒருவரைச் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். ஆனால் தவணை தவறினால் அவரும் பொறுப்பு என்பதைச் சேர்ப்பதற்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

பதில் வரும் வரை முடிந்த தொகையைக் கட்டிக்கொண்டே இருங்கள். பாதித் தவணை கட்டினாலும் நிலுவை வளரும் வேகம் குறையும், பேச வரும்போது உங்கள் சொல்லுக்கும் மதிப்பு இருக்கும். மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கும் அதற்கு மேலும் போக அந்தக் கடிதம் வேண்டும். இதற்கிடையில் வீட்டை விற்பனைக்கு அறிவித்து வைப்பதில் தவறில்லை. ஏல அறிவிப்பு வெளியாகிவிட்டால் வாங்க வருபவர் 75-க்குக் கூட இறங்கிப் பேசுவார்.

படிக்கட்டு

நிறுவனத்துக்கு இன்று மறுப்புக் கடிதம் போகிறது. வங்கிக்கான ஒரு பக்கம் தயாராகிறது. இரண்டு மதிப்பீட்டாளர்களிடமும் கேட்டிருக்கிறோம். மதிப்பீட்டு அறிக்கையை வங்கி மனுவோடு இணைக்கலாமா?

கணக்குப்புலி

இணையுங்கள். 100 மதிப்புள்ள வீட்டில் 60தான் கடன் என்று தெரிந்தால் காலத்தை நீட்ட அவர்களுக்குத் தயக்கம் குறையும். வங்கியின் பட்டியலில் உள்ள மதிப்பீட்டாளராகப் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மறுபடி ஒரு கட்டணம் கேட்பார்கள்.