டிரைவர் மார்க் பாத்து இன்சென்டிவ் கட் பண்றது நியாயமா?

ஒரகடம்_வேன்:
எங்க ட்ராவல்ஸ்ல எல்லா ஸ்டாஃப் வேன்லயும் கேமரா மாட்டிட்டாங்க, ஒண்ணு ரோட்ட பாக்குது இன்னொண்ணு நம்ம மூஞ்ச பாக்குது. சடன் பிரேக், ஓவர் ஸ்பீடு, கொட்டாவி, போன், எல்லாத்துக்கும் மார்க் குறையும், மாசக் கடைசில அந்த மார்க்க வச்சுதான் இன்சென்டிவ். போன வாரம் படப்பை தாண்டி மாடு குறுக்க வந்துருச்சு, அழுத்தி பிரேக் போட்டேன், உள்ள இருந்த அத்தன பேரும் பத்திரம், ஆனா எனக்கு மார்க் போச்சு. அந்த எடத்துல வேற என்ன பண்ணிருக்கணும்னு யாராச்சும் சொல்லுங்க.

கண்ட்ரோல்ரூம்_ராஜ்:
அண்ணே, ஒரே ஒரு பிரேக்க வச்சு ஒருத்தர முடிவு பண்றது தப்பு, ஒத்துக்கறேன். வீடியோவ பாத்துட்டு அத எடுத்துடணும். ஆனா அதே ரூட்ல ஓடுற மத்தவங்களுக்கு 100 கிலோமீட்டருக்கு ஒண்ணு ரெண்டு வர்ற எடத்துல ஒருத்தருக்கு மட்டும் ஏழு எட்டு வருதுன்னா அவரு முன்னாடி வண்டிய ஒட்டிக்கிட்டே போறாருன்னு அர்த்தம், அதுக்கு மாடு காரணம் இல்ல. 2022ல இந்தியாவுல ரோட்ல செத்தவங்க 1,68,491 பேரு, பத்துல ஏழு பேரு ஓவர் ஸ்பீடு கணக்குல வர்றாங்க. விபத்து எண்ணிக்கைல மொத எடம் தமிழ்நாடு, 64,105. நேர்ல கேட்டா எல்லாருமே நிதானமாத்தான் ஓட்டுறேன்னு சொல்றாங்க, அப்புறம் கேமரா இல்லாம எப்படி கண்டுபிடிக்கறது?

ஒரகடம்_வேன்:
கேமராவே வேணாம்னு நான் சொல்லல சார். நைட் டிராப்ல கடைசி ஆள எறக்கும்போது ஒன்றரை மணி ஆகுது, அடுத்த பிக்கப் நாலே காலுக்கு. வீட்டுக்கு போய்ட்டு வர முடியாது, கம்பெனி கேட்டுக்கு வெளிய சீட்ட சாச்சு படுக்கணும், கண்ணாடிய எறக்குனா கொசு, ஏசி போட்டா டீசல் கணக்கு கேப்பாங்க. காலைல கொட்டாவி வராம என்ன வரும்? அந்த ட்ரிப் ஷீட்ட போட்ட ஆளுக்கு மார்க்கே கெடையாது, கொட்டாவி விட்ட எனக்குத்தான் குறையுது.

சேஃப்டி_மேகலா:
நான் ஃபேக்டரி சேஃப்டில இருக்கேன், இதுல வேன் அண்ணன் பக்கம்தான் பேசுவேன். தொடர்ந்து 17 மணி நேரம் முழிச்சிருந்தா கையும் கண்ணும் 100 மில்லி ரத்தத்துல 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருக்கறவங்க அளவுக்கு மந்தமாகுதுன்னு 1997லயே ஆராய்ச்சி வந்தாச்சு. நம்ம சட்டத்துல 30 தாண்டுனாலே கேஸ். குடிச்சிருக்காரான்னு கேட்ல ஊதச் சொல்றோம், கடைசியா எப்ப தூங்குனீங்கன்னு ஒருத்தர் கேக்கறதில்ல. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், 5 மணி நேரம் ஓட்டுனா அரை மணி ரெஸ்ட்னு 1961 மோட்டார் போக்குவரத்து தொழிலாளர் சட்டத்துலயே இருந்துச்சு.

இன்னொண்ணு, தெரிஞ்சே ரூல மீறுறதும் கவனம் தப்பிப் போறதும் வேற வேற. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்து ஆளுங்க 1990லயே டிரைவர் கேள்வித்தாள் போட்டு ரெண்டையும் தனித்தனியா பிரிச்சாங்க. போன் எடுக்கறது மொத வகை, கண்டிக்கலாம். தூக்கம் மிஞ்சி கண்ணு செருகறதுக்கு கண்டிப்பு என்ன செய்யும், அதுக்கு தூங்க டைம் குடுக்கணும். எங்க ஊரு மார்க் சிஸ்டம் ரெண்டையும் ஒரே டப்பால போட்டு கலக்குது.

ஷிப்ட்_பொண்ணு:
வேன்ல தினமும் போறவ சொல்றேன், எனக்கு கேமரா வேணும். முன்னாடி வந்த டிரைவர் ஸ்டியரிங்குக்கு மேல போன வச்சு மெசேஜ் படிச்சுக்கிட்டே ஓட்டுவாரு. 60ல போற வண்டி 3 செகண்ட்ல 50 மீட்டர் போயிடும், அவரு பாக்காத அந்த 50 மீட்டர்ல நாங்கதான் இருக்கோம். சொன்னா கோவப்படுவாரோன்னு பயந்து யாரும் வாயத் தொறக்கல.

ஒரகடம்_வேன்:
அது தப்புதான் தங்கச்சி, அந்த ஆளுக்கு நான் வக்காலத்து வாங்கல. ஆனா ஓடுற வண்டில எனக்கு வர்ற போன் பாதிக்கு மேல கண்ட்ரோல் ரூம்ல இருந்துதான். ஜிபிஎஸ்ல வண்டி தெரியுது, தெரிஞ்சும் "எங்க இருக்கீங்க, எத்தன நிமிஷம்"னு கேக்கறாங்க. எடுத்தா மார்க் போகும், எடுக்கலன்னா லேட் ரிப்போர்ட்.

கண்ட்ரோல்ரூம்_ராஜ்:
கிளையன்ட் லேட்டுக்கு பெனால்டி போடுறான், அந்த பிரஷர் எங்க தலைல வந்து விழுது. மேகலா மேடம், மார்க்க தூக்கிட்டு வேற என்ன வைக்கறது? மீட்டிங் போட்டா டீ குடிச்சுட்டு கெளம்பிடுவாங்க.

சேஃப்டி_மேகலா:
மேல இருக்கறவரு மைக் புடிச்சு அட்வைஸ் பண்ற மீட்டிங்னா அப்படித்தான் ஆகும். ஸ்வீடன்ல ஒரு டெலிபோன் கம்பெனி டிரைவருங்கள பிரிச்சு ஒரு குரூப்புக்கு டிரைவிங் ட்ரெய்னிங், ஒண்ணுக்கு பிரச்சாரம், ஒண்ணுக்கு போனஸ், ஒண்ணுக்கு சின்ன சின்ன குரூப்பா உக்காந்து அவங்களே பேசறதுன்னு வச்சு பாத்தாங்க, 1996ல முடிவு வந்துச்சு. அதிகமா விபத்து குறைஞ்சது பேசுன குரூப்ல. எங்க ஆபத்து வருது, நான் எத மாத்திக்கப்போறேன்னு ஒவ்வொருத்தரும் அவங்க வாயால சொல்லணும், அதான் அதுல முக்கியம். வீடியோவ அந்த எடத்துல போட்டு பேசுங்க, சம்பளத்துல கை வைக்காதீங்க.

கண்ட்ரோல்ரூம்_ராஜ்:
போனுக்கும் ஸ்பீடுக்கும் மார்க் குறைக்கறத நான் விடமாட்டேன், அந்தப் பொண்ணு சொன்னத படிச்சதுக்கப்புறம் சுத்தமா விடமாட்டேன். கொட்டாவிய எடுக்கலாம். ஓடுற வண்டிக்கு நாங்க போன் பண்றதையும் நிறுத்தச் சொல்றேன்.

ஒரகடம்_வேன்:
அப்படியே ட்ரிப் ஷீட்ல ஒரு கட்டம் சேத்துடுங்க சார், கடைசி டிராப்புக்கும் அடுத்த பிக்கப்புக்கும் நடுவுல எத்தன மணி நேரம்னு. அந்த ஷீட்டு கிளையன்ட் கைக்கும் போகணும்.

கண்ட்ரோல்ரூம்_ராஜ்:
கட்டம் போடறது என் கைல இருக்கு. கிளையன்டுக்கு அனுப்ப ஓனர் சம்மதிக்கணும், திங்கக்கெழம கேக்கறேன்.