மாடித் தொட்டியில் இல்லாத வெள்ளைப் பாறை கீசருக்குள் மட்டும் ஏன்?

திருநகர்வாசி:
திருநகரில் வாடகை வீடு. குளிக்க, துவைக்க எல்லாம் போர் தண்ணீர்தான். வெந்நீர் வர நேரமாகிறதே என்று கீசரைக் கழற்றச் சொன்னால், தண்ணீரைச் சூடாக்கும் கம்பிச் சுருள் (காயில்) மேல் விரல் பருமனுக்கு வெள்ளைப் பாறை! அடியிலிருந்து ஒரு தட்டு நிறையச் சில்லு கொட்டியது. மாடித் தொட்டியில் நிற்பதும் அதே தண்ணீர்தானே, அங்கே ஏன் இப்படிக் கட்டவில்லை? தட்டி எடுக்கலாமா?

செல்லூர் மெக்கானிக்:
சூடுதான் காரணம், அக்கா. மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக்கொண்டு லேசாகப் புளிப்பேறும். அது சுண்ணாம்புள்ள சுக்கான் கல்லைக் கரைத்துக்கொண்டு போருக்கு வருகிறது. கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் கண்ணுக்குத் தெரியாது. கொதிக்கக் கொதிக்க அந்த வாயு வெளியேறிவிடும். மிஞ்சுகிற கால்சியம் கார்பனேட் தண்ணீரில் தங்காது. சூடு கூடினால் இன்னும் குறைவாகத்தான் கரையும். அதனால் எந்த இடம் அதிகம் காய்கிறதோ அங்கேயே ஒட்டும். ஒட்டியது சூட்டைத் தண்ணீருக்கு விடாது, காயில் உள்ளுக்குள்ளேயே காய்ந்து ஒருநாள் வெடிக்கும்.

தட்டவே தட்டாதீர்கள். கரண்டை நிறுத்திக் கழற்றச் சொல்லி, வெந்நீரில் சிட்ரிக் ஆசிட் பொடி கலந்து ஊறப்போடுங்கள், நுரைத்துக் கரையும். ஒயர் மாட்டுகிற பக்கம் நனையக் கூடாது. கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டை இதில் ஊற்றுகிறார்கள், பார்த்தாலே எனக்கு வயிறு எரிகிறது. உலோகத்தை அரித்துவிடும். சூட்டின் அளவை வைக்கிற தெர்மோஸ்டாட் 60 டிகிரியைத் தாண்ட வேண்டாம்.

சோழவந்தான்:
இட்லிப் பானை அடியில் வெள்ளையாகப் பூப்பதும் இதுதானா? அம்மா ஒரு கொட்டைப் புளி போட்டுத்தான் தண்ணீர் வைப்பார்.

செல்லூர் மெக்கானிக்:
அதேதான். புளிப்பு இருந்தால் சுண்ணாம்பு ஒட்டாது.

திருநகர்வாசி:
சில்லு மேல் எலுமிச்சை பிழிந்தேன். நுரை வந்தது, ஆனால் கொஞ்சம் கரையாமல் நிற்கிறது. வீட்டுக்காரர் ஆர்ஓ போடலாம் என்கிறார்.

செல்லூர் மெக்கானிக்:
நிற்பது கால்சியம் சல்பேட்டாகவோ சிலிக்காவாகவோ இருக்கும், அது புளிப்புக்கு மசியாது. முதலில் தண்ணீரைச் சோதிக்கக் கொடுங்கள். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கடினத்தன்மை, அதாவது கரைந்திருக்கும் கால்சியம் போன்ற உப்புகளின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு தண்ணீரே இல்லையென்றால் 600 வரை. அதையும் தாண்டினால் வீடு முழுக்க ஆர்ஓ வேண்டாம், பாதித் தண்ணீர் சாக்கடைக்குத்தான் போகும். கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் சாஃப்ட்னர் கருவி போதும். அதைக் கல்லுப்பு போட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்புறம், சாஃப்ட்னரிலிருந்து வரும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள். கால்சியத்துக்குப் பதில் சோடியம் ஏறியிருக்கும், மண் கெட்டுவிடும்.