1972 செவ்ரொலே சி10 பிக்கப்: பின்பக்கம் 4 இன்ச் இறக்க என்னென்ன மாற்றணும்?

கேள்வி: பின்னாடி காயில் ஸ்பிரிங், டிரெயிலிங் ஆர்ம் (ஆக்சிலை முன்பக்கமாகச் சேஸிஸோடு இணைக்கிற நீளச் சட்டம்) உள்ள வண்டி. ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில் 1: போதாது. ஒரிஜினல் பான்ஹார்ட் ராடு (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் சேஸிஸோடு பிடிக்கிற குறுக்குக் கம்பி) குட்டை. வண்டி இறங்கியதும் அது ஆக்சிலை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். ஒரு டயர் ஃபெண்டரை ஒட்டி நிற்கும். நீளமான, அட்ஜஸ்ட் பண்ணக்கூடிய ராடு போடுங்க. நாலு சக்கரமும் தரையில் நிற்கும்போது, இரண்டு பக்கமும் சேஸிஸிலிருந்து ரிம் வரை அளந்து சமமாக்குங்க. ராடு முனையில் இருக்கிற ரப்பர் புஷ் (உறை) போல்ட்டையும் அப்போதுதான் இறுக்கணும். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் முறுக்கிக்கிட்டு சீக்கிரம் கிழியும்.

பதில் 2: ஷாக் அப்சார்பரையும் மறக்காதீங்க. பழைய நீளமே இருந்தால் சின்னப் பள்ளத்துக்கே அடிதட்டும். குட்டை ஷாக், இல்லன்னா மவுண்ட்டை இடம் மாற்றும் பிராக்கெட். கழற்றும்போது ஜாக் ஸ்டாண்டு சேஸிஸுக்கு அடியில், ஜாக் டிஃபரென்ஷியலுக்கு (ஆக்சில் நடுவில் இருக்கிற கியர் உருண்டை) அடியில். ஷாக்கின் கீழ் போல்ட்டை எடுத்து ஆக்சிலை மெதுவா இறக்குங்க. நடுவில் இருக்கிற ரப்பர் பிரேக் ஹோஸ் இழுபடுதான்னு பார்த்துக்கிட்டே. ஸ்பிரிங் சும்மா உட்கார்ந்திருக்காது, மேலும் கீழும் போல்ட் இருக்கு. துரு பிடித்திருக்கும், முந்தின நாளே எண்ணெய் விடுங்க.

பதில் 3: பினியன் கோணத்தை (டிரைவ் ஷாஃப்ட் சேருகிற இடத்தில் டிஃபரென்ஷியலின் சாய்வு) வண்டியை இறக்குறதுக்கு முன்னாடியும் இறக்கின பிறகும் அளந்து வையுங்க. மாறியிருந்தால் ஆக்சிலுக்கும் டிரெயிலிங் ஆர்முக்கும் நடுவே ஆப்பு ஷிம் (ஆப்பு வடிவத் தகடு) வையுங்க. விட்டால் வேகத்தில் உதறும், டிரைவ் ஷாஃப்ட் மூட்டான யூ ஜாயிண்ட் போகும். ஆக்சிலை டிரெயிலிங் ஆர்மோடு கட்டுகிற யூ போல்ட் புதுசா வாங்குங்க. சுமை ஏற்றுகிற வண்டின்னா 4 இன்ச் வேண்டாம்ங்கிறது என் கருத்து.